அரை முழக் கறுப்பு ஓஸ்

முதலில் காற்றுதான் வரும். நீளமாக ஒரு பெருமூச்சு, பின் ஒரு கமறல், பின் வாய் கொப்பளித்துத் துப்பியதுபோல் கொஞ்சம் செம்மண் தண்ணீர், அதற்கப்புறம்தான் நிஜத் தண்ணீர். அதுவும் சுண்டுவிரல் பருமன். இருநூறு லிட்டர் டிரம் நிறைய இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் எழுந்து போனால் ஓஸ் டிரம்மை விட்டு நழுவி விழுகிறது, உட்கார்ந்திருந்தால் விழுவதில்லை. ஆறு வருடமாகக் கவனித்து வருகிறேன், காரணம் தெரியவில்லை. பத்திலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கீழ்வீட்டுப் பிலோமினாவுக்கு, இப்படியே மாறி மாறி. வட்டக்கானலில் எல்லாருக்கும் தண்ணீர் சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்துதான் வருகிறது, ஊற்றிலிருந்து வீடுவரை கறுப்பு ஓஸ், பாறை மேலும் வேருக்கடியிலும் ஏறி இறங்கி வரும் முப்பது நாற்பது ஓஸ்கள், எண்ணெய் காணாத சடைபோல் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும், எது யாருடையது என்பது அவரவருக்குத்தான் தெரியும், சில சமயம் அவரவருக்கும் தெரியாது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. மடியில் நான்காக மடித்த காகிதம். மின்னஞ்சலில் வந்தது, கொடைக்கானல் பஜாருக்குப் போய் அச்செடுத்து வந்தேன். திரையில் படித்தால் எனக்குப் படித்த மாதிரி இருப்பதில்லை, முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகராக இருந்தவனுக்கு எதுவும் கையில் கனத்தால்தான் இருக்கிறது என்று அர்த்தம். எழுதியிருப்பவர் நூரித். மூன்று வருடம் முன்னால் என் வீட்டில் வந்து தங்கிய வெளிநாட்டுப் பையன் யோத்தமின் அம்மா. யோத்தம் செத்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம்.

மூன்று தலைப்புகள். வாழ்க்கை, விருப்பங்கள், ராணுவச் சேவை. முதல் வருடத்துக்கு ஒரு சிறு நினைவு நூல் போடுகிறார்களாம், தெரிந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தர வேண்டும், நானும். தன் வரைவையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார். வாழ்க்கை: பிறந்த நாள், இரண்டு அக்காக்கள், ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த முன்பல். சேவை: பதினெட்டில் சேர்ந்தான், கூட இருந்தவர்கள் நேசித்தார்கள், விடுவித்தார்கள், இந்தியா போனான், வந்தான், திரும்பக் கூப்பிட்டார்கள், போனான், நான்காவது வாரம். அந்த வாக்கியம் ‘நான்காவது வாரம்’ என்பதோடு நின்றுவிடுகிறது, முடிக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது, ரப்பர் வைத்து அழித்தேன், அழித்த இடம் இப்போது குறியைவிட நன்றாகத் தெரிகிறது. விருப்பங்கள்: கடல், நண்பர்கள், தக்காளி, கிடார். தக்காளி சரி. கொய்யாப்பழம்போலக் கடித்துத் தின்பான், சாறு முழங்கைவரை வழியும். கிடார் தப்பு. அவனுக்குக் கிடார் பிடிக்காது. கட்டாய ராணுவச் சேவை முடித்து இங்கே வந்து தங்கும் அவன் நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சாயங்காலமானால் கிடாரைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்துவிடுவார்கள், அத்தனை பேருக்கும் மூன்றே பாட்டுதான் தெரியும், அதிலிருந்து தப்பிக்கத்தான் அவன் முதன்முதலில் ஓஸ் பாதை வழியாகச் சோலைக்குள் ஏறிப் போனான். ஆனால் இதை ஓர் அம்மாவுக்கு எழுத முடியுமா? பதினாறாவது பிறந்தநாளுக்கு அவர்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார், அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார். கிடார் இருக்கட்டும். கிடாரைப் பற்றி அல்ல கேள்வி.

கேள்வி கடைசிப் பத்தியில் இருக்கிறது. ராணுவத்திலிருந்து திருப்பிக் கொடுத்த பையில் கைக்கடிகாரம், சவரக் கத்தி, படித்துக்கொண்டிருந்த புத்தகம், இவற்றோடு அரை முழ நீளத்துக்குக் கறுப்பு ரப்பர்க் குழாய் ஒன்று இருந்ததாம். அதன் நடுவில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருக்கிறதாம், குழாயோடு ஒட்டிப்போய், பிரிக்க வரவில்லை. குழாய் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, இந்தியாவிலிருந்து கொண்டுவந்தான் என்று மட்டும் அவன் அக்கா சொல்லியிருக்கிறாள். ‘எங்கள் பக்கத்திலும் புனித இடங்களில் சிவப்பு நூல் தருவார்கள், ஆபத்து வராமல் இருக்கக் கையில் கட்டிக்கொள்வோம். உங்கள் மலைக் கோவிலில் யாரோ என் மகனுக்குக் கட்டிவிட்டது என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் அவனுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்படித்தானா என்று மட்டும் எழுதுங்கள். புகைப்படத்தின் கீழே அதைப் போட வேண்டும்.’ வெள்ளிக்கிழமை மாலை அவர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் கோப்பை மூடிவிடுவாராம். இன்று வெள்ளிக்கிழமை. பதிலை அனுப்ப ஊருக்குள் போக வேண்டும், ஜீப் இரண்டு மணிக்கு. கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை நான் எழுதியது ‘அன்புள்ள நூரித்’ என்பதும் ஒரு காற்புள்ளியும்தான்.

அப்படித்தான் என்று எழுதிவிட்டால் என்ன. ஆமாம் அம்மா, காப்பு நூல்தான். ஒரு வரி. யாருக்கும் நஷ்டமில்லை. டிரம்மில் நான்கு விரல் தண்ணீர் ஏறியிருக்கிறது. மூடுபனி கீழிருந்து வருகிறது, பிலோமினா வீட்டுத் தகரக் கூரை போய்விட்டது, கேரட் பாத்தி போய்விட்டது, வேலி போய்க்கொண்டிருக்கிறது. யோத்தம் வந்த அன்றும் இப்படித்தான், ஆள் தெரியவில்லை, மூட்டைதான் முதலில் தெரிந்தது. ஆள் ஒட்டக உயரம். நகத்தைச் சதைவரை கடித்து வைத்திருந்தான். வெளிநாட்டுக்காரர் யார் வந்து தங்கினாலும் போலீஸுக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும், நான் அதில் கறாரானவன், மற்ற வீட்டுக்காரர்கள் பாதிக் கட்டத்தைக் காலியாக விடுவார்கள், நான் விடமாட்டேன். தொழில் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று கேட்டேன். “ஒன்றுமில்லை என்று போடுங்கள்” என்றான். ஒன்றுமில்லை என்பது தொழில் ஆகாது என்றேன். “அப்படியானால் தோட்டக்காரன்.” தோட்டம் வைத்திருக்கிறாயா? இல்லை. மூன்று வருடம் என்ன செய்துகொண்டிருந்தாய்? அவன் கட்டைவிரல் நகத்தைக் கடித்தான். சிப்பாய் என்று எழுதி, பக்கத்தில் ‘பணி முடிந்தது’ என்றும் சேர்த்தேன். அவன் எட்டிப் பார்த்து, “முடிந்தது என்பது நிச்சயமா?” என்று கேட்டான். எனக்கு அது நகைச்சுவையாகப் பட்டது. நான் சிரித்தேன். அவனும் சிரித்தான், அந்த உடைந்த முன்பல். அதைக் கட்டிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது கடைசிவரை.

ஓஸ்தான் அவனுடைய விருப்பம். அதை எந்தத் தலைப்பில் போடுவது என்பதுதான் செவ்வாயிலிருந்து என்னைப் படுத்துகிறது. கிடாரை வெட்டிவிட்டு அங்கே ‘ஓஸ் பைப்’ என்று போட்டால் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். காலையில் எழுந்ததும் கத்தியும் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளும் எடுத்துக்கொண்டு ஊற்றுவரை ஏறுவான், ஒரு கிலோமீட்டர் இருக்கும், ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்ப்பான், ஓஸில் காதை வைத்துக் கேட்பான். ஒழுகும் ஓஸுக்கு வேறு சத்தம் என்பான். தண்ணீர் போகிற சத்தம், காற்று அடைத்த சத்தம், தவளைக்குஞ்சு மாட்டிய சத்தம். எனக்கு எல்லாம் ஒன்றுதான். மத்தியானம் இறங்கி வந்து, என் வராந்தாவில் இருக்கும் நூலக அட்டைகளை எடுத்துச் சீட்டுக்கட்டு வீடு கட்டுவான். கல்லூரியில் கம்ப்யூட்டர் வந்தபோது தூக்கிப் போட்ட அட்டைகள், பதினாலாயிரம், பெட்டியோடு கொண்டுவந்து வைத்திருக்கிறேன். ஏன் என்று என் மனைவி இருந்தவரை கேட்டாள். அவனும் ஒருநாள் கேட்டான், புத்தகங்களே இல்லாமல் இந்த அட்டைகள் எதற்கு என்று. ‘காண்க’ அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். ஒரு புத்தகம் ஒரு தட்டில்தான் இருக்க முடியும், ஆனால் மூன்று விஷயத்தைப் பற்றியதாக இருக்கும், அதனால் மற்ற இரண்டு இடத்திலும் ஓர் அட்டை வைப்போம், புத்தகம் இங்கே இல்லை, அங்கே போய்க் காண்க என்று. அவன் அந்த அட்டையை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதையும் சீட்டுவீட்டின் கூரையில் வைத்தான். வீடு விழுந்தது.

காட்டுமாடு. அதைச் சொல்லாமல் அந்தச் சிவப்பு நூலுக்கு வர முடியாது. அவன் வந்து மூன்றாவது வாரம், ஐந்தாறு காட்டுமாடுகள் இரவில் இறங்கி என் ஓஸை ஒன்பது இடத்தில் மிதித்துச் சப்பையாக்கிவிட்டன. மழை வேறு. மலைப் பாதையில் மண் சரிந்து வத்தலக்குண்டிலிருந்து எதுவும் மேலே வரவில்லை, புது ஓஸ் கிடைக்காது. பழைய ஓஸ் ஏதாவது இருந்தால் துண்டு போட்டு ஒன்பது இடத்தையும் சேர்த்துவிடலாம் என்றான். இருவரும் மேலே போனோம். சோலை விளிம்பில் ஒரு ஓஸ் கிடந்தது, மண் மூடி, அடையாளம் எதுவும் இல்லாமல். இங்கே ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஓஸில் இருபதடிக்கு ஒன்றாக ஏதாவது கட்டி வைப்பார்கள், நீல பாலிதீன், சணல், மஞ்சள் பெயிண்ட், அடையாளம் இல்லாதது என்றால் எவரோ விட்டுப்போன ஓஸ், யார் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். அதுதான் வழக்கம். அவன் அதில் காதை வைத்தான், அந்த நேரம் பிலோமினா அதை ஊற்றில் அடைத்து வைத்திருந்தாள் போல, சத்தம் இல்லை. “இது செத்ததா?” என்று கேட்டான். நான் செத்ததுதான் என்றேன். இருபதடி அறுத்தான், அறுத்ததை ஒன்பது துண்டாக்கினான். சாயங்காலம் என் டிரம்மில் தண்ணீர் விழுந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழை உரக்கக் கத்தினான், தண்ணி வருது, தண்ணி வருது. வராந்தாவில் குதித்தான். மறுநாள் காலை பிலோமினா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள்.

“எவன்டா என் ஓஸ அறுத்தது? ரெண்டு மூட்டை கேரட்டு மண்ணோட கெடக்கு, மண்ணையா திம்பான் யாவாரி? லைப்ரரி சார், உங்க வெள்ளக்காரன்ட்ட கேளுங்க, அவங்க ஊருல அடுத்தவன் தண்ணிய அறுக்கலாமான்னு கேளுங்க.” இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கேட்கச் சொன்னாளே, கேட்டேன். ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன், எனக்கு அதில் கொஞ்சம் குறும்பும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாக்கியம் அது, வீணாகக்கூடாது என்று. யோத்தமின் முகம் தேய்த்துக் கழுவிய தட்டுபோல் ஆயிற்று. அவன் அவளைப் பார்க்கவில்லை, குடத்தைப் பார்த்தான். படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, “சொல்லுங்கள், அது யாருடையதும் இல்லை என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம், தவறிவிட்டோம், தண்ணீரை நான் கொண்டுவந்து கொடுப்பேன்” என்றான். நான் பிலோமினாவிடம் சொன்னது இது: “தெரியாம அறுத்துட்டானாம்மா. மன்னிச்சிரச் சொல்றான். தண்ணி சொமந்து ஊத்துறேங்கிறான்.” அவன் ஆங்கிலத்தில் நான் இருந்தேன். என் தமிழில் நான் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு புத்தகத்தைத் தப்பான தட்டில் வைத்ததில்லை என்று பிரிவுபசார விழாவில் பேசினார்கள், சால்வை போட்டார்கள்.

பதினோரு நாள். என் நாட்குறிப்பில் இருக்கிறது, கடிதம் வந்தபின் எடுத்துப் பார்த்தேன், பதினொன்று. பாதை திறந்து ஓஸ் சுருள் வந்து சேரும்வரை பதினோரு நாள் அவன் என் டிரம்மிலிருந்து மொண்டு, தோளில் ஒரு குடம், கையில் ஒரு குடம், வழுக்குகிற மண்சரிவில் இறங்கி, அவள் தொட்டியில் ஊற்றி, ஏறி வந்து, மறுபடி. குடிக்க மட்டுமல்ல, கேரட் கழுவவும். ஒரு நாளைக்கு முப்பது நடை. நான் இதே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முழங்கால். பிலோமினா கீழேயிருந்து திட்டிக்கொண்டே இருப்பாள், “ஏ ஓதம், பாதித் தண்ணிய வழியிலயே ஊத்திட்டு வர்ற, பாதைக்கா பாத்தி கட்டிருக்கேன்?” அவளுக்கு அவன் பெயர் அப்படித்தான் வாயில் வந்தது. அவனுக்கு ஒரு சொல் புரியாது. அவள் என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்பான், நான் சொல்வேன், அவன் முகம் மலரும். திட்டுவதைக் கேட்டு ஏன் மலர்கிறாய் என்று ஒருநாள் கேட்டதற்குத்தான் ராணுவத்தில் நடந்த ஒன்றைச் சொன்னான். இதே இடத்தில், இதே பனியில், தோள்பட்டையில் தோல் உரிந்த இடத்துக்கு நான் தேங்காயெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தபோது.

அவனுக்குப் பத்தொன்பது வயதாம் அப்போது. எங்கோ ஒரு மலைச்சரிவு, ஊர்ப் பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்காமல் விட்ட ஒரே தகவல் அதுவாக இருக்கும். அங்கே ஓர் ஊரின் தண்ணீர் ஓஸை அறுக்க மேலேயிருந்து உத்தரவு. இந்த ஓஸ் மாதிரியேதான், இதே கறுப்பு, அனுமதியில்லாமல் போட்டது என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அறுக்கிறவர்கள் வேறு ஆட்கள். இவனும் இன்னும் ஐந்து பேரும் சுற்றி நிற்க வேண்டும், யாரும் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு பெண் மஞ்சள் கேனை வைத்துக்கொண்டு அவனுக்கு எதிரில் நின்றாள். இரண்டு கை தூரம். ரம்பம் அறுக்கிற நேரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அறுத்ததும் ஓஸ் கொஞ்சம் துள்ளியது, தண்ணீர் மண்ணில் போயிற்று, அவள் கேனைக் கீழே வைத்து, மூடியைத் திருகி மூடினாள். காலிக் கேனை மூடினாள். “உங்கள் பக்கத்து வீட்டு அம்மா கத்துகிறார்” என்றான் யோத்தம். “தினமும் கத்துகிறார். நான் தண்ணீர் கொண்டுபோனால் வாங்கிக்கொள்கிறார். அது எனக்குப் போதும்.” நான் எண்ணெய் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தம்பி, இந்த முறை தப்பு உன்னுடையது அல்ல, நான்தான் அறுக்க வைத்தேன் என்று. நான், அந்தப் பெண் எந்த மொழி பேசுகிறவள் என்று கேட்டேன். எனக்குத் தெரியாத விஷயமா அது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

டிரம் பாதி. மணி பதினொன்று ஐந்து. எங்கேயோ சிக்குகிறது, திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன், சோலை விளிம்பு, மண் மூடிய ஓஸ், இது செத்ததா, செத்ததுதான். தெரியாமல் சொன்னேன் என்று மூன்று வருடமாக எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். அதில் அடையாளம் இல்லை, உண்மைதான். ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னால் நடைக்குப் போனபோது அதே இடத்தில் சிவப்புச் சேலைக் கிழிசல் ஒன்று இற்று விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். பிலோமினாவின் அடையாளம் சிவப்புச் சேலை. ஊருக்கே தெரியும். எடுத்துத் திரும்பக் கட்டியிருக்கலாம், குனிந்தால் முழங்கால் வலிக்கும் என்று தாண்டி வந்தேன். முழங்காலாவது மண்ணாவது. அதற்கு முந்தின வருடம் அவள் கன்றுக்குட்டி வேலி தாண்டி வந்து என் அட்டைப் பெட்டியில் ‘ம’ வரிசையைத் தின்றுவிட்டது. மகாவித்துவான்களும் மருத்துவமும் மண்ணியலும் மரபிலக்கணமும் ஒரு சாணி உருண்டையாகப் போயின. அவள் வந்து பார்த்து, “பேப்பர்தான சார், வயித்துக்கு ஒண்ணும் செய்யாதுல்ல கன்னுக்கு?” என்று கேட்டாள். அதிலிருந்து ஒரு வருடம் நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு நான் பேசாமலிருப்பது தெரிந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. ஆக, அந்த ஓஸைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது. முழுக்கத் தெரிந்தது என்று சொல்லமாட்டேன். தெரியாது என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அளவு தெரிந்தது. அவனுக்கும் பிறகு தெரிந்திருக்கிறது. அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்றில் நூல் ஒட்டியிருந்திருக்கிறது. அதை அவன் என்னிடம் காட்டவில்லை. காட்டாமல், அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறான். போகும்முன் கோடைக்கு ஊற்று மெலியும் என்று என் ஓஸையும் அவள் ஓஸையும் ஒன்றாக்கி, பாதி வழியில் பாறைக்குப் பக்கத்தில் இரண்டு வால்வு வைத்தான். வால்வைத் திருப்பியவர் உடனே போய்விடக்கூடாது, தண்ணீர் வந்துசேர்ந்ததும் அடுத்தவர் வீட்டிலிருந்து வந்துருச்சு என்று கத்த வேண்டும், திருப்பியவர் சரி என்று பதில் கத்த வேண்டும், அதற்கப்புறம்தான் நகரலாம். இந்த விதியை என்னைக் கொண்டே பிலோமினாவுக்கு மொழிபெயர்க்க வைத்தான். இன்றுவரை ஒரு நாள் தப்பியதில்லை. அப்போது அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் வேலையில் இருக்கும் ஒருவனுடைய பார்வை என்று எடுத்துக்கொண்டேன்.

காகிதத்தின் பின்பக்கம் எழுதுகிறேன், பென்சில்தான், பிறகு ஆங்கிலமாக்கிக்கொள்ளலாம். அன்புள்ள நூரித், அந்த நூல் காப்பு நூல். அடித்தேன். அன்புள்ள நூரித், ஒருவகையில் அது காப்பு நூல். ஒருவகையில் என்பது நூலகர்களும் வக்கீல்களும் பேசுவது, அடித்தேன். அன்புள்ள நூரித், அது கோவிலில் கொடுத்த நூல் அல்ல. எங்கள் மலையில் தண்ணீர்க் குழாய் யாருடையது என்று தெரிவதற்காகக் கட்டும் துணியில் மிஞ்சியது. அது கட்டியிருந்தால் அதை யாரும் அறுக்கக்கூடாது என்று பொருள். அது விழுந்து கிடந்ததை நான் பார்த்தும் எடுத்துக் கட்டவில்லை. உங்கள் மகனிடம் அறுக்கச் சொன்னவன் நான். அவன் பதினோரு நாள் அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். இங்கே கை நின்றது. மலைச்சரிவுப் பெண்ணை எழுதவா? எழுதினால் அது சேவைத் தலைப்பில் போக வேண்டும், நேசித்தார்கள் என்பதற்கும் விடுவித்தார்கள் என்பதற்கும் நடுவில், ஒரு தாய் அதை அங்கே அச்சடிப்பாரா? எழுதாவிட்டால் முப்பது நடை ஏன் என்று அவருக்கு எப்படிப் புரியும், ஒரு பக்கத்து வீட்டுக்காரிக்குப் பயந்த பிள்ளை என்றல்லவா ஆகிவிடும். எழுதினேன். நான்கு வரிதான். கேனின் மூடிவரை எழுதினேன். இதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, மூன்று தலைப்புக்கும் உரியது, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், உங்களிடம் மட்டுமாவது இருக்கட்டும். கையெழுத்து: வேதரத்தினம். படித்துப் பார்த்தேன். களைப்பாக இருந்தது. இதில் சம்பந்தப்பட்ட இன்னொரு ஆளுக்குச் சொல்லாமல் கடல் தாண்டி முதலில் சொல்வது கோழைத்தனம், அவள் இருநூறு அடி கீழே இருக்கிறாள். டிரம் முக்கால்தான். எழுந்தேன். நான் எழுந்ததும் ஓஸ் நழுவி விழுந்தது.

பாறைக்குப் பக்கத்தில் பிலோமினா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள், தலையில் பனிக்குப் போட்ட துண்டு, கையெல்லாம் கேரட் மண்.

“என்னா சார், பத்து நிமிசம் முன்னாடியே வந்துட்டீங்க. டிரம்மு ரொம்பிருச்சா?”

“ரொம்பல.”

“அப்புறம்?”

கடிதத்தைச் சொன்னேன். குழாய், பை, நூல், அந்தம்மா நினைத்துக்கொண்டிருப்பது, எல்லாம். அவள் வால்வின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் செத்த செய்தி வந்தபோது கோவிலில் மெழுகுவத்தி ஏற்றியவள்.

“காப்புக் கயிறா?” என்றாள். “அது எங்க மதினி சேல சார். மாவு சலிக்கக்கூட லாயக்கில்லன்னு கிழிச்சுக் கட்டுனது. அதப் போயி பத்திரமா வச்சிருந்தானா லூசுப்பய.” துண்டால் மூக்கைத் துடைத்தாள். “அந்தம்மா காப்புன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போகட்டுமே. உங்களுக்கு என்னா வந்துச்சு? ஆமான்னு எழுதிப்போடுங்க.”

தப்பிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

“அந்த ஓஸ அறுக்கச் சொன்னது நான், பிலோமினா.”

“எத?”

“உன் ஓஸ. அவன் செத்ததான்னு கேட்டான். செத்ததுன்னு நான்தான் சொன்னேன்.”

“தெரியாமத்தான சொன்னீங்க.”

“தெரிஞ்சு.”

அவள் வால்விலிருந்து கையை எடுத்தாள். “எதுக்கு?”

“கன்னுக்குட்டி.”

“எந்தக் கன்னுக்குட்டி?”

“என் அட்டையெல்லாம் தின்னுச்சே. முந்தின வருசம்.”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், கண்ணைச் சுருக்கி, அவளுக்கு நினைவு வரவில்லை. பிறகு வந்தது. “அந்தப் பேப்பருக்கா,” என்றாள். கையில் ஒட்டிய கேரட் மண்ணைப் பாறையில் தேய்த்தாள். “தோளெல்லாம் உரிஞ்சு போயி வருவான் சார். அதப் பாத்துக்கிட்டே, இன்னும் ரெண்டு கொடம் கொண்டாடான்னேன். நீங்க மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். மூன்றாவது அடியில் பனி அவளை மூடியது.

பன்னிரண்டு மணி. என் வால்வை மூடி அவளுடையதைத் திறந்தேன். உள்ளே காற்று ஓடும் சத்தம். கீழே போய்ச் சேர நான்கு நிமிடம். நான்கு நிமிடம் ஆயிற்று. சத்தம் இல்லை. ஆறு நிமிடம். எட்டு. வழியில் எங்காவது ஒழுகுகிறதோ, தவளைக்குஞ்சோ என்று குனிந்து, முழங்கால் கரகரக்க, ஓஸில் காதை வைத்தேன். தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. தெளிவாகக் கேட்டது. அது அங்கே போய்ச் சேர்ந்தாயிற்று, அவள் தொட்டியில் விழுகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கத்தவில்லை. கத்தாவிட்டால் நான் நகர முடியாது. ஜீப் இரண்டு மணிக்கு. நின்றேன். மலைச்சரிவில் காலிக் கேனை மூடியவளைப் பற்றி யோத்தம் சொன்னபோது நான் அதைத் தகவலாகத்தான் கேட்டிருக்கிறேன் என்று பட்டது. பனி சட்டைக்குள் இறங்கியது. பதினைந்து நிமிடம் இருக்கும்.

“சார்!” பனிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “எத்தன நாளுன்னு எழுதிருக்கீங்க?”

“பதினொண்ணு.”

“பன்னெண்டு!”

நாட்குறிப்பில் பதினொன்று என்று இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஓஸு வந்து என் கொழுந்தன் பதினொண்ணாம் நாளு ராத்திரியே மாட்டிட்டான். தண்ணி வந்துருச்சு. காலைல அவன் கொடத்தத் தூக்கிட்டு வந்தான். நான் சொல்லல. இன்னும் ஒரு நாளு சொமக்கட்டும்னு வேணும்னேதான் சொல்லல. சாயங்காலம் தொட்டிக்கு மேல ஓஸப் பாத்தான். என்னையப் பாத்துச் சிரிச்சுட்டுப் போனான்.” குரல் பிறகு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வந்து நின்றதுபோல் கிட்டத்தில் கேட்டது. “அதையும் எழுதுங்க. எம் பேரப் போட்டு எழுதுங்க.”

காகிதத்தைப் பிரித்துப் பாறைமேல் வைத்தேன். ஈரத்தில் பென்சில் ஓடவில்லை, அழுத்தினேன். பதினொன்றை அடித்து மேலே பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் பிலோமினா என்று எழுதினேன்.

“வந்துருச்சு!” என்று கீழேயிருந்து கத்தினாள்.

சரி என்று பதில் கத்த வாயைத் திறந்தேன். முதலில் காற்றுதான் வந்தது.